ஒரு காலில் ஒன்று, மறு காலில் இரண்டு

வெரிபாகாவின் கணுக்கால் பட்டையில் சில நாள் ஒரு கோடு தெரியும், சில நாள் இரண்டு. பட்டை மாறுவதில்லை. அதே தோல், அதே இரும்பு மணிகள். மாறுவது அவள் மனசுதான்.

ஒரு பிள்ளை பெற்றவளுக்கு மணியால் ஒரு கோடு. இரண்டு பெற்றவளுக்கு இரண்டு. அதற்கு மேல் எத்தனை பெற்றாலும் இரண்டுதான். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் கிணற்றடியில் எதிரெதிரே வந்தால் முதலில் தலையைப் பார்ப்பார்கள், தாயானவள் அணியும் ஆட்டுத்தோல் முடி ஏறியிருக்கிறதா என்று. பிறகு கால். வாய் திறப்பது அதற்கப்புறம். அதற்குள் பாதி சேதி தெரிந்திருக்கும்.

வெரிபாகாவின் தலையில் தோல் முடி இருந்தது. மூத்த பையன் கஹோரா பிறந்து தவழத் தொடங்கியபோதே ஏறிவிட்டது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கழுத்தில் அவள் அம்மா போட்டுவிட்ட வெள்ளைச் சங்கு தொங்கியது. அதிலும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் காலில்தான்.

காலையில் குடிசைக்குள் உட்கார்ந்து, காவிக்கல் பொடியையும் வெண்ணெயையும் உள்ளங்கையில் குழைத்து, கழுத்து, தோள், கை என்று பூசிக்கொண்டே வருவாள். கணுக்காலுக்கு வரும்போது கை நின்றுவிடும். ஒரு நாள் இரண்டு காலிலும் இரண்டாவது கோட்டின் மேல் குழம்பைத் தடிமனாக அப்பி, கட்டைவிரலால் அழுத்தி, மணிகளே தெரியாதபடி மூடிவிடுவாள். மறுநாள் அதே விரலால் துடைத்து எடுப்பாள். மூடும்போதும் தப்பு செய்வது போலிருக்கும், துடைக்கும்போதும் தப்பு செய்வது போலிருக்கும்.

அந்தப் பட்டை அவள் காலுக்கு வந்த கதை இது.

சென்ற மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வழக்கம்போல் தாயையும் பிள்ளையையும் முன்னோர் நெருப்புக்குப் பக்கத்தில் சிறு பந்தல் போட்டு வைத்தார்கள். தொப்புள்கொடி விழ வேண்டும். அதன் பிறகு மாமனார் குழந்தையை நெருப்பின் முன் கொண்டுபோய், இறந்துபோன பெரியவர்களுக்குக் காட்டிப் பெயர் சொல்வார். புதுப் பட்டை கட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆனால் மாமியார் முகாஜோவுக்குப் பொறுமை கிடையாது. அவளுடைய தம்பி மலைக்கு அந்தப் பக்கம் காய்ச்சலில் கிடப்பதாக ஆள் வந்து சொல்லியிருந்தான். கிளம்பும் அவசரத்தில், முன்கூட்டியே செய்து வைத்திருந்த இரண்டு கோட்டுப் பட்டை ஜோடியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தாள்.

"கால நீட்டு."

"இப்பவேவா அத்தை? இன்னும் கொடி விழலியே."

"விழாம எங்க போகப்போவுது? நான் போனா எப்ப திரும்புவேனோ தெரியாது. என் பேத்திக்கு நானே கட்டிட்டுப் போறேன். நீட்டுன்னா நீட்டு."

வெரிபாகா நீட்டினாள். குழந்தை அவள் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகாஜோ குனிந்து தோல்வாரை முடிந்து, குழந்தையின் உச்சியை முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள்.

கொடி விழவில்லை. அதற்குள் குழந்தை போய்விட்டது. காய்ச்சல்கூட இல்லை. காலையில் பால் குடித்தது, வெயில் ஏறும்போது குடிக்கவில்லை, அவ்வளவுதான். முகாஜோவின் தம்பி பிழைத்துக்கொண்டார். அவள் திரும்பி வந்து சேதி கேட்டு, அழுது, பிறகு மருமகளின் காலைப் பார்த்தாள். அதன் பிறகு பல மாதம் அந்தக் காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கழற்றலாமா என்று வெரிபாகா ஒருமுறை கேட்டாள். சுரைக்குடுக்கையை ஆட்டி வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த முகாஜோ, ஆட்டுவதை நிறுத்தாமல், "ஆடு கத்துது பாரு," என்றாள். ஆடு எதுவும் கத்தவில்லை. கழற்றினால் அத்தை அவசரப்பட்டதால்தான் குழந்தை போயிற்று என்று ஆகிவிடுமோ? அத்தை அப்படித்தான் பயப்படுகிறாளோ? அல்லது நிஜமாகவே கழற்றக் கூடாதோ? வெரிபாகாவுக்குப் புரியவில்லை.

புருஷன் கதீரேயிடம் கேட்டாள். அவன் பள்ளத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம பொண்ண கணக்குல சேக்கலாமா கூடாதா?"

"எந்தக் கணக்குல?"

"என் கால் கணக்குல."

அவன் நிமிர்ந்து அவள் காலை இப்போதுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான். "ஏம்மா, மாட்டுக் காதுல இருக்கிற வெட்டக் காட்டு, யாரு வீட்டு மாடு, எந்த மலையில மேயுதுன்னு சொல்றேன். பொம்பள கால்ல இருக்கிறதெல்லாம் எனக்கு எங்க புரியுது? அம்மாவக் கேளு."

"அத்தை பேச மாட்டேங்குறாங்க."

"அப்ப அண்ணியக் கேளு."

அண்ணி என்றால் கன்ஜேகே, கதீரேயின் அண்ணன் மனைவி. இருவரும் ஒரே வேலிக்குள் அடுத்தடுத்த குடிசையில் இருந்தார்கள். கன்ஜேகே வயதில் மூத்தவள், ஆனால் அவள் காலில் ஒரே கோடுதான். ஒரே மகள், கவீ. நெற்றியில் முன்னால் விழும் இரண்டு சடையோடு நாள் முழுக்க நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டிருக்கும். கவீக்குப் பிறகு கன்ஜேகேக்கு எதுவும் தங்கவில்லை, தங்கும் என்ற நம்பிக்கையை மட்டும் அவள் விடவில்லை. வேரைக் காய்ச்சிக் குடித்தாள், புகையில் உட்கார்ந்தாள், ஒபுவோ டவுன் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தாள். அப்படிப்பட்டவளிடம் போய் இரண்டாவது கோட்டைப் பற்றிக் கேட்பது சரியில்லை என்று வெரிபாகாவுக்கே தெரியும். இருந்தும் கேட்டாள். வேறு ஆளில்லை.

"நெருப்பு முன்னால பேரு சொல்லாத புள்ள புள்ளையா?" என்றாள் கன்ஜேகே. "அந்தப் பெரியவங்களுக்கே அது வந்தது தெரியாது. நீ கால்ல எழுதி வச்சிருக்கே."

"பால் குடிச்சிச்சே அக்கா."

"நான் வேணாம்னா சொல்றேன்? நீ கேட்டே, சொன்னேன். உன் காலு, உன் இஷ்டம்."

அன்றைக்குத்தான் வெரிபாகா முதல் தடவை குழம்பை அப்பி மூடினாள். ஒரே கோட்டோடு தண்ணீருக்குப் போய்வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நிம்மதியே அவளை உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் துடைத்தாள். இப்படியே கோடைவரை ஓடிற்று. காலையில் ஆட்டைத் திறந்துவிடும்போது கன்ஜேகே ஆட்டுப்பட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பாள். சில நாள் அது கிண்டலாக இருக்கும், சில நாள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலிருக்கும்.

கதீரேயின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துப்போக மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். காளை அடித்தார்கள். மோபனே மரத்தடியில் விருந்தாளிப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்தார்கள், எல்லார் தோளிலும் புதுக் காவி வெயிலில் மின்னியது. அவர்களில் ஜிபோசா என்பவள் மாப்பிள்ளைக்கு அத்தை. நடு வயது, உருண்ட உடம்பு, ஊருக்கே கேட்கும் சிரிப்பு. அவள் போகிற இடத்தில் ரகசியம் தங்காது என்று அவர்கள் ஊராரே சொன்னார்கள்.

வெரிபாகா அன்று காலை நன்றாக யோசித்தாள். கூட்டம் வரப்போகிறது. எத்தனை கண்! எத்தனை கேள்வி! இரண்டு காலிலும் இரண்டாவது கோட்டை அழுத்தி மூடினாள். கல்யாண வீட்டில் செத்த பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

விருந்தாளிகளுக்குப் புளித்த பால் ஊற்றியது அவள்தான். ஜிபோசா குவளையை வாங்கும்போதே காலைப் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுதானா? பரவால்ல, சின்ன வயசு. இன்னும் நிறைய பெத்துக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். வெரிபாகாவும் சிரித்தாள். குடிசைப் பக்கம் திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நானே அதை இல்லை என்று சொல்லிவிட்டேனே! வாயால் சொல்லவில்லை, காலால் சொன்னேன். ஆனால் மூடாமல் விட்டிருந்தால், 'ரெண்டாவது எங்கே' என்று கேட்டிருப்பாள். அப்போது என்ன சொல்லியிருப்பேன்?

மத்தியானம் இறைச்சியும் சோளக்களியும் ஆனபின் பெண்கள் வட்டம் கட்டினார்கள். கைதட்டிப் பாட, ஒவ்வொருத்தியாக நடுவில் இறங்கித் தரையை மிதித்து ஆட, புழுதி இடுப்புவரை எழும்பியது. வெரிபாகாவுக்கு ஆட்டம் என்றால் உயிர். சிறுமியாக இருந்தபோது அவள் ஆடினால் ஆட்டுக்குட்டிகள் ஓடி ஒளியும் என்று அவள் ஊரில் கேலி பேசுவார்கள். இறங்கியவள் எல்லாவற்றையும் மறந்தாள். இடது காலை ஓங்கி ஓங்கி மிதித்தாள். வெயில், வேர்வை, புழுதி எல்லாம் சேர்ந்து வெண்ணெயை இளக்கின. அப்பி வைத்த குழம்பு பட்டையிலிருந்து கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

ஜிபோசா கவனித்தாள்.

"ஏய், ஏய், நிறுத்துங்கடி!" என்று கையை உயர்த்தினாள். தட்டல் நின்றது. "பொண்ணே, காலையில நீ எனக்குப் பால் ஊத்தும்போது ஒண்ணு. இப்ப ரெண்டு! ஆடுற ஆட்டத்துல ஒண்ணப் பெத்துப் போட்டுட்டியா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"வலது கால பாருங்க, அதுல இன்னும் ஒண்ணுதான்!" என்றாள் இன்னொருத்தி.

"அந்தக் காலு இன்னும் மாசமா இருக்கு போல!"

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. வெரிபாகா குனிந்து பார்த்தாள். இடது காலில் இரண்டு, வலது காலில் ஒன்று. தன் காலே தன்னைக் காட்டிக்கொடுத்தது போலிருந்தது. ஆனால் எந்தக் கால்?

"சும்மா சொன்னேன் கண்ணு, கோச்சுக்காத," என்று ஜிபோசா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். "எங்க உன் ரெண்டாவது? காட்டு, பாக்கலாம்."

எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. கன்றுப் பட்டிக்குப் பக்கத்தில் கவீ நாய்க்குட்டியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெரிபாகாவின் கை தானாக எழுந்தது.

"அதோ."

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் இன்றுவரை சொல்லத் தெரியாது.

"அடி என் தங்கமே, இங்க வா!" ஜிபோசா கவீயைக் கூப்பிட்டு மடியில் இருத்தினாள். தன் கையிலிருந்த செம்பு வளையைக் கழற்றி அதன் மணிக்கட்டில் மாட்டினாள். அது பெரிதாக இருந்ததால் முழங்கைவரை ஏறிற்று. "என் வீட்டுல எல்லாம் பசங்க. ஒரு பொண்ணு இல்ல. இவள எனக்குக் குடேன். கன்னு மேய்க்கிற வயசு வரைக்கும் நான் வளத்துத் தரேன். இன்னியிலேருந்து சம்பந்தி ஆயிட்டோம், மாட்டேன்னு சொல்லக் கூடாது."

பிள்ளையைக் கேட்டு வளர்ப்பது புதிதல்ல. வெரிபாகாவே தன் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள்தான். கல்யாண நாளில், மாப்பிள்ளையின் அத்தை வாய்விட்டுக் கேட்கும்போது இல்லை என்பது எப்படி? ஆம் என்பதுதான் எப்படி? அவள் தலை மேலும் கீழுமாக அசைந்தது. சரி என்றா, யோசிக்கிறேன் என்றா, அவளுக்கே தெரியாது. ஜிபோசா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, சொல்லிட்டா! நாளைக்குக் கிளம்பும்போது கூட்டிட்டுப் போறேன்."

"யாரக் கூட்டிட்டு?"

இறைச்சித் தட்டோடு பின்னால் வந்து நின்றது கன்ஜேகே.

"வெரிபாகா பொண்ண," என்றாள் ஜிபோசா.

கன்ஜேகே மகளைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், வெரிபாகாவைப் பார்த்தாள். தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஓஹோ. நீ எப்படி என் பொண்ணப் பெத்தே? எனக்குத் தெரியாம எப்ப பெத்தே?" குரல் உயர்ந்தது. "கவீயும் உன்னுதுன்னா என் கால்ல இருக்கிற இந்த ஒரு கோடு யாரு கோடு? கழட்டிக் குடுத்துடட்டுமா? நான் மலடின்னு ஊருக்குச் சொல்லிடட்டுமா?"

"அக்கா, நான் வேணும்னு..."

"எனக்கு இருக்கிறதே ஒண்ணு! அதையும் எடுத்து நீ கால்ல போட்டுக்கிட்டா நான் எங்கடி போவேன்?"

கவீ வளையலை மேலும் கீழும் தள்ளியபடி, "நான் யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டது.

"என் வீட்டு!" என்று கன்ஜேகே அதைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வெரிபாகா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. பொண்ணு. கொடி விழறதுக்குள்ள போயிடுச்சு. பேரு வைக்கல. அதனாலதான் காட்டத் தெரியல."

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் மூச்சு விட்டாலே பிள்ளைதான் என்றாள் ஒருத்தி. பெயர் வைத்தால்தான் என்றாள் இன்னொருத்தி. எங்கள் அம்மா கோடு போட்டிருந்தாள் என்று ஒருத்தி சொல்ல, உன் அம்மா போடவில்லை, நான் பார்த்திருக்கிறேன் என்று அவள் தங்கையே மறுத்தாள். அவர்களுக்குள் தனிச் சண்டை தொடங்கிற்று. இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும் என்றல்லவா வெரிபாகா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்!

முகாஜோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யார் போய்ச் சொன்னார்களோ.

"நான்தான் கட்டினேன்," என்றாள். மூச்சு வாங்கியது. "கட்டினப்ப அது உசுரோட இருந்துச்சு. இவ மார்ல பால் குடிச்சிச்சு. என் கண்ணால பாத்தேன். அவசரப்பட்டுக் கட்டினேன், அது என் தப்பு. இவ தப்பு இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். மருமகளைப் பார்க்காமல் வந்த வழியே போய்விட்டாள். தப்பு என்றால் கழற்ற வேண்டுமா, இருக்கட்டுமா? அதை அவள் சொல்லவில்லை.

ஜிபோசா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ஏன் கண்ணு மூடி வச்சே?"

"தெரியலம்மா. மூடினா அது பொறக்கவே இல்லாத மாதிரி இருக்கு. திறந்து வச்சா நான் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

வளையலைத் திருப்பித் தர கன்ஜேகே நீட்டியபோது ஜிபோசா, "குடுத்தது குடுத்ததுதான், போட்டுக்கட்டும்," என்றாள். பிறகு தானே கைதட்டத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வெரிபாகா கன்றுப் பட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கன்ஜேகே வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தாள்.

"வலது கால நீட்டு."

நீட்டினாள். கன்ஜேகே எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பட்டையைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் குழம்பைச் சுரண்டினாள். காய்ந்துபோயிருந்ததால் எளிதில் வரவில்லை. தன் தோளிலிருந்து கொஞ்சம் வெண்ணெயை வழித்து அதன் மேல் தேய்த்து இளக்கி, ஒவ்வொரு மணியாகத் துடைத்தாள். இரண்டாவது கோடு வெளியே வந்தது.

"அக்கா, அப்ப நீ அதக் கணக்குல சேக்குறியா?"

"நான் எப்ப சொன்னேன்? ஒரு கால்ல ஒண்ணு, ஒரு கால்ல ரெண்டு. பாக்கச் சகிக்கல. அதான்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவ என் பொண்ணக் கை காட்டினே, விரல ஒடிச்சிடுவேன்."

போய்விட்டாள். கோபம் போய்விட்டதா, அப்படியே இருக்கிறதா? இத்தனை பாடுபட்டு யாராவது, பார்க்க அழகாயில்லை என்பதற்காக மட்டும் துடைப்பார்களா? வெரிபாகா சுத்தமான மணிகளைத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை காவி குழைத்தாள். கழுத்து, தோள், கை. கணுக்காலுக்கு வந்ததும் கை நின்றது. பிறகு பட்டையின் மற்ற இடத்துக்கு எவ்வளவோ அவ்வளவே அந்தக் கோட்டின் மேலும் பூசினாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முடிவு எடுத்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. விரல் அப்படிப் போயிற்று. ஆட்டுப்பட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த கன்ஜேகே அன்று எத்தனை என்று கேட்கவில்லை.

அந்த வாரமே கிணற்றடியில் வேற்றூர்ப் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். தலையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

"ரெண்டா?"

"ரெண்டு," என்றாள் வெரிபாகா. எந்தப் பக்கமும் கை காட்டாமல், இரண்டு கையையும் குடத்தின் மேலேயே வைத்துக்கொண்டாள். "ஒருத்தன் வீட்டுல இருக்கான்."

அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்தாள், அடுத்தது வருமென்று. வரவில்லை. புரிந்ததோ புரியவில்லையோ, தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து தண்ணீர் மொண்டாள். வெரிபாகா வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.